சோங்கிங் மெட்ரோ வாசலில் இருபத்தைந்து நிமிடம்

1

இன்றோடு நான் அவுஸ்திரேலியாவில் படகில் வந்திறங்கிப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. வழக்கமாக இந்த நாளில் என் மனைவி சுகந்தி காலையில் எழும்பிச் சர்க்கரைப் புக்கை பொங்குவாள். நான் ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். இந்த முறை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கொஞ்சம் பெருமை புளுகத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சீனாவுக்குப் போய் வந்திருக்கிறேன். அதுவும் ஒரு மாணவனாக, முப்பத்தொன்பது வயதில்.

மெல்பேர்ணில் மல்கிரேவ் பக்கம் எங்கள் வீடு. பகலில் கட்டட வேலை. பலகை அடித்துக் கம்பி கட்டி, அதற்குள் கொங்கிறீற் ஊற்றுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். வாரத்தில் இரண்டு மாலையும் சனிக்கிழமையும் கட்டட நிர்மாணத்தில் டிப்ளோமா படிக்கிறேன். தற்காலிக விசாவில் இருந்த காலம் முழுக்கப் படிப்பைப் பற்றி நினைக்கவே வழியில்லை. நிரந்தர விசா கிடைத்து, பிறகு குடியுரிமையும் கிடைத்த பிறகுதான் விண்ணப்பப் படிவத்தை நிரப்பினேன்.

வகுப்பில் எல்லோருக்கும் இருபது வயது. முதல் நாள் ஒரு பெண் பிள்ளை நேராக என்னிடம் வந்து, அறை குளிர்கிறது, ஹீற்றரைக் கொஞ்சம் பார்க்க முடியுமா என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டாள். கட்டடத்தைப் பராமரிக்கிற ஆள் என்று நினைத்துவிட்டாள். நானும் போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டு, திரும்பி வந்து அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அவள் பெயர் மீரா. சிட்னியில் கெல்லிவில் என்ற இடத்தில் பெற்றோர், தமிழ்நாட்டுக்காரர்கள். அன்று வெட்கத்தில் தொடங்கிய நட்பு. ஒரே வகுப்பு, ஒரே பரீட்சை, ஆனால் என்னை அங்கிள் என்று கூப்பிடுவதை மட்டும் அவள் விடவில்லை.

2

இதற்குமுன் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவுஸ்திரேலிய நீலப் பாஸ்போட் கையில் கிடைத்த பிறகு எட்டு மாதம் அது குசினி மேசையின் இழுப்பு லாச்சியில், பழைய மின்சார பில்களுக்குக் கீழே கிடந்தது.

கிளிநொச்சியில் இருக்கிற அக்காவை நான் பதின்மூன்று வருஷமாகத் தொலைபேசித் திரையில்தான் பார்க்கிறேன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு அவள்தான். பாஸ்போட் வந்த செய்தியைச் சொன்ன அன்றே, எப்ப வாறாய் என்று கேட்டாள். வருவேன் என்றேன். ஆடி மாதத்தில் வேலை அதிகம் என்றேன். பிறகு பிள்ளையின் பள்ளிக்கூடம் என்றேன். பிறகு பரீட்சை. அக்கா பிறகு கேட்கவில்லை. நான் சொல்வது சாட்டு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் அவள் கேட்காமல் விட்டது எனக்கு இன்னும் வலித்தது.

எனக்குப் பயம். அவ்வளவுதான். விமான நிலையத்தில் ஒரு மேசைக்குப் பின்னால் ஒருவர் இருப்பார், என் பாஸ்போட்டைப் புரட்டுவார், கையை ஒரு பக்கம் காட்டுவார். அந்தக் கை அசைவை நினைத்து, எடுத்த பாஸ்போட்டைத் திரும்பவும் லாச்சிக்குள் வைப்பேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அக்காவுடன் வவுனியாவுக்கு பஸ்ஸில் போனேன். வழியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, மறுபக்கம் நடந்து போய் ஏற வேண்டும். ஒரு சிப்பாய் என்னைப் பார்த்துக் கையைப் பக்கவாட்டில் காட்டினான். விலகி நின்றேன். அவன் அடுத்த ஆளைச் சோதிக்கத் தொடங்கியதும் என் அலுவல் முடிந்தது என்று நினைத்து நடக்கத் தொடங்கினேன். அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுத மனமில்லை. அக்கா அழுது கும்பிட்டு என்னை மீட்டெடுத்தாள். பஸ்ஸில் ஏறிய பிறகும் என் சட்டைக் கொலரை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“போ எண்டு அவங்கள் வாயாலை சொல்லும்வரைக்கும் அசையக் கூடாது. விளங்கிச்சோ?”

நன்றாகவே விளங்கியது. பிறகு தடுப்பு முகாமில், விசா அலுவலகங்களில், நேர்முகங்களில், எங்கே யார் நிற்கச் சொன்னாலும் நான் நின்றேன். என்னைப்போல் ஒழுங்காக நிற்கிற ஆளை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

3

கல்லூரியில் இரண்டாம் தவணைக்குக் கல்விச் சுற்றுலா என்றார்கள். சோங்கிங் நகரத்துக்குப் பத்து நாள், மலையில் கட்டிய கட்டடங்களைப் பார்க்க. போனால் ஒரு பாடத்துக்கான புள்ளி கிடைக்கும். எங்கள் விரிவுரையாளர் ஹெலன், அவுஸ்திரேலியப் பாஸ்போட் வைத்திருப்பவர்களுக்கு விசா தேவையில்லை என்று சொன்னார். நான் கையை உயர்த்தி மறுபடி கேட்டேன். தேவையில்லை என்றார். படிவம்? இல்லை. நேர்முகம்? இல்லை. வகுப்பு முடிந்து காருக்குள் இருந்து அரசாங்க இணையத்தளத்தில் நானே மூன்று முறை வாசித்துப் பார்த்தேன். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு நாடு என்னிடம் எதையும் கேட்காமல் வாருங்கள் என்கிறது.

அக்காவிடம் போகத் துணிவில்லாதவன் சீனாவில் ஒத்திகை பார்க்கலாம் என்று நினைத்தேன். போய்த் திரும்பி வந்தால், அடுத்த விமான ரிக்கற் கொழும்புக்கு. மனதுக்குள் அப்படி ஒரு ஒப்பந்தம் போட்டேன். சுகந்திக்கும் சொன்னேன். அவளும் படகில் வந்தவள்தான், என் பயம் அவளுக்கும் உண்டு. பயணத்துக்கு முன்னைய ஞாயிற்றுக்கிழமை, த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தேங்காய் உடைக்க வைத்தாள். வரும் வழியில் பின் இருக்கையில் இருந்த பத்து வயது மகள் ஆரபி, உங்களைத் திரும்பவும் உள்ளே விடுவார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இங்கேயே பிறந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது? எங்களிடமிருந்துதான். ஓம் விடுவாங்கள் என்றேன். என் குரலில் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

விமானத்தில் என் மடியில் ஒரு கோப்பு இருந்தது. குடியுரிமைச் சான்றிதழ், பழைய விசாக் கடிதங்கள், கல்யாணப் பதிவு, வேலைக் கடிதம், ஆரபியின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள். மீரா எட்டிப் பார்த்துவிட்டு, “அங்கிள், சீனாவுல வீடு வாங்கப் போறீங்களா?” என்றாள்.

சோங்கிங்கில் மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி என் முகத்தைப் பார்த்தார், விரல் அடையாளம் எடுத்தார், முத்திரை குத்தினார். ஒரு கிளாஸ் பிளேன்ரீ ஆறுகிற நேரம்கூட எடுக்கவில்லை. ஆவணக் கோப்பை அவரிடம் நீட்டத் தயாராக வைத்திருந்தேன், அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குச் சின்ன ஏமாற்றம்கூட வந்தது.

4

அந்த நகரத்தைப் பற்றி என்ன சொல்ல? அங்கே நிலம் எது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது. விடுதிக்கு முன்னால் கடைகளும் பஸ்களுமாக ஒரு தெரு. சரி, இதுதான் நிலம் என்று கைப்பிடிச் சுவரால் எட்டிப் பார்த்தால், கீழே இன்னொரு தெரு, அங்கேயும் கடைகள், அங்கேயும் பஸ்கள். அதற்கும் கீழே ஆறு. வாசலால் உள்ளே போய் லிஃப்டில் பத்து மாடி ஏறிக் கதவைத் திறந்தால், அங்கே ஒருவர் காரை நிறுத்திக்கொண்டிருக்கிறார். மெல்பேர்ணின் தட்டையான தெருக்களுக்குப் பழகிய கால்கள் முதல் நாளே ஓய்வு கேட்டன. ஆனால் கொங்கிறீற்காரன் கண்ணுக்கு அது பெரிய விருந்து. ஒவ்வொரு தூணையும் தடவிப் பார்த்தேன். இந்தச் சரிவில் எப்படிப் பலகை அடித்தான், எப்படி ஊற்றினான் என்று யோசித்து யோசித்து இரண்டு இடத்தில் படியில் தடக்குப்பட்டேன்.

மூன்றாம் நாள் காலை, நாங்கள் பன்னிரண்டு பேரும் மெட்ரோவில் போக வேண்டும். அங்கே ஒவ்வொரு நிலையத்திலும் சோதனை உண்டு. பையை இயந்திரத்தில் விட வேண்டும், வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் கையில் ஒரு கருவியோடு உடம்பைத் தடவுவார். வகுப்புப் பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். எனக்கு அது பழகிய அலுவல். சொல்லாமலே கைகளை உயர்த்தினேன், சொல்லாமலே பாஸ்போட்டை எடுத்து நீட்டினேன். அங்கே ஒருவரும் பாஸ்போட் கேட்பதில்லை.

அன்று சோதித்தவள் இளம் பெண். என் பையில் சுகந்தி தந்துவிட்ட போத்தல் இருந்தது, விடுதியில் தேத்தண்ணி நிரப்பியது. அவள் அதை எடுத்து முகர்ந்து பார்த்து, பக்கத்து மேசையில் வைத்து, கையைப் பக்கவாட்டில் காட்டினாள்.

நான் விலகி நின்றேன்.

முதுகைச் சுவரோடு சேர்த்து, பாஸ்போட்டை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றேன். எங்கள் ஆட்கள் நகரும் படிக்கட்டில் இறங்கிப் போவது கடைக்கண்ணில் தெரிந்தது. நான் பின்னால் வருகிறேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். கூப்பிடலாம் என்று வாய்வரை வந்தது, கூப்பிடவில்லை. சோதனையில் நிற்கிறவன் சத்தம் போடக் கூடாது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ரயில்கள் வந்து போகும் சத்தம் கீழிருந்து கேட்டது. நூற்றுக்கணக்கான சனம் என்னைக் கடந்து போனது. போத்தல் மேசையில் அப்படியே இருந்தது. போத்தலில் என்ன பிழை கண்டாள், யாருக்குத் தகவல் கொடுத்திருக்கிறாள், ஆவணக் கோப்பை விடுதியில் விட்டுவிட்டு வந்தேனே என்று என் தலைக்குள் எல்லாம் ஓடியது. சுகந்தியை நினைத்தேன், ஆரபியை நினைத்தேன். இடைக்கிடை அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்க்கும்போதெல்லாம் நான் இன்னும் நேராக நின்றேன்.

இருபத்தைந்தாவது நிமிடத்தில் சனம் குறைந்தது. அவள் தன் தொலைபேசியை எடுத்து எதையோ சொல்லி, திரையை என் பக்கம் திருப்பினாள். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தது. யாருக்காவது காத்திருக்கிறீர்களா என்று கேட்டிருந்தாள்.

அந்தத் தொலைபேசியை வாங்கி நான் தட்டினேன்: நீங்கள் என்னைப் போகச் சொல்வதற்காகக் காத்திருக்கிறேன்.

அவள் வாசித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி வாசித்தாள். அவள் முகத்தில் வந்தது சிரிப்பு இல்லை, ஒரு திகைப்பு. பிறகு மெதுவாகத் தட்டித் திருப்பிக் காட்டினாள். உங்கள் தண்ணீரை எடுத்துக்கொண்டு போகத்தான் கை காட்டினேன். நீங்கள் முதலிலேயே போயிருக்கலாம்.

போத்தலை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினாள்.

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். நானும் இப்போது சிரிக்கிறேன். ஆனால் அன்று அந்த வாசலில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தேழு வருஷமாக நான் எத்தனை இடத்தில் இப்படி நின்றிருப்பேன்? அதில் எத்தனை இடத்தில் முதலிலேயே போயிருக்கலாம்? எல்லா இடத்திலும் இல்லை. பல இடங்களில் நின்றதால்தான் உயிரோடு இருக்கிறேன், அக்கா சொன்னது சரிதான். ஆனால் லாச்சிக்குள் பாஸ்போட்டை வைத்துவிட்டு எட்டு மாதம் நின்றேனே, அங்கே யாரும் எனக்குக் கை காட்டவில்லை.

தொலைபேசி அடித்தது. ஹெலன். குரலில் பதற்றம். எங்கே நிற்கிறாய், இருக்கிற இடத்திலேயே நில், ஆளை அனுப்புகிறேன் என்றார்.

நான் சொன்னதை எனக்கே நம்ப முடியவில்லை. ஆள் வேண்டாம், நான் நிற்கப் போவதில்லை, இன்று நகரத்தைத் தனியாகப் பார்க்கிறேன், ஆறு மணிக்கு விடுதிக்கு வந்துவிடுவேன் என்றேன். ஹெலன் விடுதியின் பெயரை என்னைத் திரும்பச் சொல்ல வைத்தார். பிறகு, மணிக்கொரு தடவை செய்தி அனுப்ப வேண்டும் என்று சொல்லி விட்டுவிட்டார்.

5

அன்று நான் பார்த்த சோங்கிங்கை வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் குடியிருப்புக் கட்டடத்துக்குள்ளால் ஓடுகிற ரயிலில் போனேன். பொய்யில்லை. மாடி வீடுகளுக்கு நடுவே ஓட்டை விட்டு, அதற்குள்ளால் ரயில் வந்து நின்று போகிறது. கீழே தெருவில் சனம் வாயை அகலத் திறந்துகொண்டு நிற்கிறது. ரயிலை விழுங்குவதுபோல் படம் எடுக்கிறார்களாம். நான் இறங்கி வந்து அரை மணி நேரம் தூண்களை ஆராய்ந்தேன். ரயிலின் தூண் வேறு, வீட்டின் தூண் வேறு, இரண்டும் தொடவில்லை. அதனால்தான் மேலே இருப்பவர்களின் கோப்பைகள் ஆடாமல் இருக்கின்றன. அதைக் கண்டுபிடித்த பெருமையில், வாயைத் திறந்து நானும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் நூடுல்ஸ் கடை தேடினேன். கடைக்கு வந்துவிட்டேன் என்று தொலைபேசி வரைபடம் சொல்கிறது, ஆனால் சுற்றிவர ஒரு கடையும் இல்லை. கால் மணி நேரம் ஒரே இடத்தைச் சுற்றிய பிறகுதான் விளங்கியது, கடை எனக்கு நேர் கீழே, ஏழெட்டு மாடி ஆழத்தில் இருக்கிறது. படியால் இறங்கினேன், முழங்கால் கத்தியது. கடைக்கார அம்மா உறைப்பு வேண்டுமா என்று சைகையில் கேட்டார். யாழ்ப்பாணத்துத் தூளில் வளர்ந்த ஆளிடம் கேட்கிற கேள்வியா? முழுக்கப் போடுங்கள் என்று காட்டினேன். உறைப்பைச் சமாளித்தேன். அதோடு போட்டிருந்த சின்னச் சீன மிளகைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட மாதிரி நாக்கு விறைத்துவிட்டது. கண்ணால் தண்ணீர் ஓடியதைப் பார்த்து அந்த அம்மா சோயாப் பால் கொண்டுவந்து வைத்தார், அதற்குக் காசு வாங்கவும் மறுத்துவிட்டார். கோப்பையை மிச்சமில்லாமல் முடித்துவிட்டுத்தான் எழும்பினேன். எங்கள் மானப் பிரச்சினை அது.

பின்னேரம் இரண்டு ஆறுகள் சேர்கிற முனைக்குப் போனேன். ஒன்று பச்சையாக வருகிறது, மற்றது சேற்று நிறத்தில் வருகிறது. வழியில் ஒரு கட்டடத்தில் கொங்கிறீற் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஓய்வுக்கு வந்த வேலைக்காரர் ஒருவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் என் உள்ளங்கைகளைத் திருப்பிக் காட்டினேன், சீமெந்து தின்ற தோல். அவர் தன் கையை விரித்துக் காட்டினார். அதே தோல். இரண்டு பேரும் ஒரு மொழியும் பேசாமல் தலையாட்டிக்கொண்டோம்.

ஆறு மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது நான் விடுதிக்கு வந்துவிட்டேன். மற்றவர்கள் வரவில்லை, அவர்களுடைய பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டது. வாசலைப் பார்த்த சோபாவில் கால்மேல் கால் போட்டு, சுகந்தியின் போத்தலில் மிச்சமிருந்த ஆறின தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இருந்தேன். பதினொரு பேரும் களைத்து உள்ளே வந்தார்கள். மீரா ஓடி வந்தாள்.

“அங்கிள், எங்க போனீங்க? நாங்க பயந்தே போயிட்டோம்.”

“சும்மா ஊர் சுத்திப் பாத்தனான்,” என்றேன்.

அடுத்த நாள் மத்தியானம் ஆறு பிள்ளைகள் என் பின்னால் வந்தார்கள், நூடுல்ஸ் கடைக்கு. மெட்ரோ வாசலில் வேறொரு காவலர் போத்தலை எடுத்துப் பார்த்து மேசையில் வைத்துக் கையைக் காட்டினார். கால் ஒரு கணம் தயங்கியது. பிறகு போத்தலை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். கடையில் சின்ன மிளகைப் பற்றி நான் யாருக்கும் சொல்லவில்லை.

6

மெல்பேர்ண் விமான நிலையத்தில் மேசையும் இல்லை, ஆளும் இல்லை. இயந்திரத்தில் பாஸ்போட்டை வைத்து முகத்தைக் காட்டினேன். கண்ணாடிக் கதவு திறந்தது. வெளியே ஆரபி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, யாரும் ஒன்றும் கேட்கவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை என்றேன். இந்த முறை நம்பினாள். சுகந்தி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள்.

அன்றே குசினி மேசையில் இருந்து கொழும்புக்கு மூன்று ரிக்கற் போட்டோம், மார்கழி விடுமுறைக்கு. போட்டு முடிந்த கையோடு அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். திரையில் அவள் முகம் வந்ததும், வழக்கமான சுக விசாரணைக்கு இடம் கொடுக்காமல் சொன்னேன்.

“அக்கா, மார்கழிக்கு மூண்டு பேரும் வாறம். ரிக்கற் போட்டாச்சு.”

அவள் முகம் அப்படியே நின்றது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

“ஆரைக் கேட்டனி?” என்றாள் மெல்லிய குரலில். “போ எண்டு அவங்கள் சொன்னவங்களோ?”

“ஒருத்தரையும் கேக்கேல்லை அக்கா. நானா வாறன்.”

 அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடியதால் எனக்குத் திரையில் துணி மட்டும்தான் தெரிந்தது.  ஆரபி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அக்கா தலைப்பை விலக்கினாள். மூக்கைத் துடைத்தாள்.

“பிள்ளை உறைப்புச் சாப்பிடுவாளோ?” என்று கேட்டாள்.